புகையிலை வைரசில் விழுந்த அடியும் மரபுக் குறியீட்டில் தெரியும் தடமும்

செம்மண் தறையில் புகையிலை வைத்தவர்களுக்குத் தேமல் நோயை விளக்கத் தேவையில்லை. மாரி மழை விட்ட பிறகு நட்ட கன்று எழும்பி வரும்போது, குருத்திலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து நிற்கும். பிறகு இலை நெளியும், ஒடுங்கும், உரிய விலை போகாது. பக்கக் கிளை கிள்ளுகிற கையோடேயே அடுத்த கன்றுக்கும் போய்ச் சேரும். மருந்து கிடையாது. கண்ட கன்றைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி.

அந்த நோயை உண்டாக்கும் வைரஸ்தான் இங்கே நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம். உயிர் தொடங்கிய காலத்தில் டிஎன்ஏ, ஆர்என்ஏ என்ற கருவமிலங்களைத் திருத்த யாரும் இல்லை. தண்ணீரும் வெப்பமும் சூரியனின் புற ஊதாக் கதிரும் அவற்றை ஓயாமல் சிதைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் எந்த எழுத்துகள் புரதத்தின் எந்த அலகை, அதாவது எந்த அமினோ அமிலத்தை, குறிக்கும் என்று சொல்வது மரபுக் குறியீடு. அது இன்று இருக்கிற வடிவத்தில் அமைந்ததற்கு அந்தச் சேதம் எவ்வளவு காரணம்? இதற்கு நேரடிச் சாட்சி இல்லை. ஆனால் ஓர் ஆர்என்ஏ-யை வேண்டுமென்றே சேதப்படுத்தி, அதன் விளைவை அமினோ அமிலம் அமினோ அமிலமாக வாசித்த பரிசோதனை ஒன்று உண்டு. அது இந்த வைரசில் நடந்தது.

வைரசும் அமிலமும்

புகையிலைத் தேமல் வைரஸ் ஒரு குச்சி. நீளம் 300 நானோமீற்றர். உள்ளே சுமார் 6,400 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. அதைச் சுற்றி ஒரே வகைப் புரதம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாக. அந்தப் புரதத்தில் 158 அமினோ அமிலங்கள். 1935-ல் வெண்டெல் ஸ்டான்லி இதைப் பளிங்காக்கிக் காட்டினார். 1956-ல் ஜேர்மனியின் தூபிங்கனில் கீரரும் ஷ்ராமும் உறையை உரித்துவிட்டு ஆர்என்ஏ-யை மட்டும் இலையில் தேய்த்தார்கள். நோய் வந்தது. அதாவது தகவல் முழுவதும் அந்த இழையில்தான்.

சரி, அந்த இழையை அடித்துப் பார்த்தால் என்ன? 1958-ல் கீரரும் முண்ட்ரியும் அதைச் செய்தார்கள். ஆர்என்ஏ-யை நைத்திரசமிலத்தில் வைத்தார்கள். பெரும்பகுதி செத்துப்போனது. மிஞ்சியதில் புதிய விகாரங்கள், அதாவது மாறிப்போன வைரஸ் வகைகள், வந்தன.

நைத்திரசமிலம் செய்கிற வேலை மிகச் சிறியது. சைற்றோசின் என்ற எழுத்தின் வளையத்தில் நாலாம் காபனில் ஓர் அமினோக் கூட்டம் தொங்குகிறது. அது கழன்று விழ, அந்த இடத்தில் ஒட்சிசன் வந்து உட்காரும். வளையம் உடையவில்லை, இழை அறவில்லை. ஆனால் இப்போது அங்கே இருப்பது யுராசில், ஆர்என்ஏ-யின் நான்கு எழுத்துகளில் ஒன்று. சேதம் பட்ட இடம் சேதமாகத் தெரியாமல் வேறோர் எழுத்தாகத் தெரிகிறது என்பதுதான் இதன் ஆபத்து. அடினினுக்கும் இதே கதி நேர்ந்தால் அது ஐப்போசாந்தின் ஆகி, குவானின்போல வாசிக்கப்படும்.

அடுத்த படி உறைப் புரதம். 1960-ல் அதன் 158 அமினோ அமிலங்களின் வரிசை தெரிந்தது. தூபிங்கனில் விட்மனும், அமெரிக்காவின் பேர்க்லியில் சுகிட்டாவும் பிரெங்கல்-கொன்றாட்டும் விகார வைரசுகளின் புரதத்தைப் பிரித்து எது எதாக மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். புரோலின் இருந்த இடத்தில் லியூசின். திரியோனின் இருந்த இடத்தில் ஐசோலியூசின். செரின் இருந்த இடத்தில் பீனைல்அலனின். ஒரு விகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்து மாறாமல் ஒன்று மட்டும் மாறியது, கோடோன்கள், அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கவில்லை என்பதற்கும் சான்றானது.

இந்த வேலை தொடங்கியபோது கோடோன் அட்டவணை என்ற ஒன்றே இல்லை. நைரன்பேர்க்கும் மத்தேயும் யுராசில் மட்டுமே கொண்ட ஆர்என்ஏ பீனைல்அலனினைக் கோர்க்கிறது என்று கண்டது 1961-ல். அட்டவணை முழுமையானது 1966-ல். அதற்கு முன்பே ஒரு நோயுற்ற புகையிலைச் செடி, சேதம் எந்தத் திசையில் போகும் என்பதைக் காட்டிவிட்டது. நமது ஊரில் பயிரை நாசமாக்கிய ஒரு வைரசை இந்த மரியாதையோடும் பார்க்கத்தான் வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரும் ஆதிக் கடலும்

நைத்திரசமிலம் என்றதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று சேர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிய கிணறுகள் தோட்டப் பகுதிகளில் உண்டு. அப்படியென்றால் நாம் குடிக்கிற தண்ணீர் நமது டிஎன்ஏ-யை இப்படித்தான் அடிக்கிறதா?

நேரடியாக இல்லை. நைத்திரேற்று முதலில் நைத்திரைற்றாக வேண்டும். அதன்பிறகு அமிலம் வேண்டும். நைத்திரசமிலத்தின் பீகேஏ, அதாவது அது பாதி அமிலமாகவும் பாதி அயனாகவும் நிற்கும் பீஎச், ஏறத்தாழ 3.3. நடுநிலை நீரில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் அமில வடிவில் நிற்கும், மீதியெல்லாம் சும்மா கிடக்கும் நைத்திரைற்று அயன். சுண்ணாம்புக்கல் நீர் அமிலத்தை வைத்திருக்காது. கைக்குழந்தைகளுக்கு நைத்திரேற்றால் வரும் கேடு, குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவ முடியாமல் போவது. அது வேறு வழியில் வருகிறது, அதைப் பற்றிய கவலை முழுக்க நியாயமானது.

இதே கணக்கு ஆதிக் கடலுக்கும் பொருந்தும். மின்னல் அடித்தால் நைதரசனும் காபனீரொட்சைட்டும் இருக்கிற வளியில் நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகி, நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் கடலில் சேரும். ஆனால் கடல் நடுநிலையை ஒட்டி இருந்தால் அந்த அமிலம் பெரிய குற்றவாளி ஆக முடியாது. அமிலம் கூடிய வெந்நீர்க் குட்டைகளில் ஆகலாம்.

உண்மையான குற்றவாளி தண்ணீரேதான். நைத்திரசமிலம் சில மணி நேரத்தில் செய்ததைத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் செய்கிறது. ஒற்றை இழை டிஎன்ஏ-யில், 37 பாகை செல்சியசில், சைற்றோசினின் அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி கெட எடுக்கும் காலம், ஏறத்தாழ 200 ஆண்டுகள். இரட்டை இழைக்குள் ஒளிந்திருந்தால் அது பல்லாயிரம் ஆண்டுகளாக நீளும். புகையிலை வைரசின் இழையில் சுமார் 1,200 சைற்றோசின்கள் உண்டு. ஒற்றை இழை டிஎன்ஏ-க்கு அளந்த வேகத்தை உறையில்லாத இந்த இழைக்கு அப்படியே எடுத்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய நாலு எழுத்து மாறும். அமிலமும் வேண்டாம், கதிரும் வேண்டாம், சும்மா நனைந்து கிடந்தாலே போதும்.

வெப்பம் ஏறினால் நிலைமை மோசம். 1998-ல் மத்தியூ லெவியும் ஸ்டான்லி மில்லரும் வெளியிட்ட அளவீட்டில், 100 பாகையில் சைற்றோசினின் அரைவாழ்வு 19 நாள். அடினினுக்கும் குவானினுக்கும் அது ஏறத்தாழ ஓர் ஆண்டு, யுராசிலுக்கு 12 ஆண்டுகள். பூச்சியம் பாகையில் சைற்றோசின் 17,000 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். நாலு எழுத்துகளில் ஒன்று மட்டும் இவ்வளவு பலவீனமானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அட்டவணைக்குள் போகலாம்.

கொப்பியில் போட்ட கணக்கு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர உயிரியல் வகுப்பில் இதை ஒரு மாலைப் பயிற்சியாகக் கொடுத்தேன். கேள்வி எளிது. ஏ அடினின், ஜி குவானின், சி சைற்றோசின், யு யுராசில். 64 கோடோன்களில் சி வருகிற ஒவ்வோர் இடத்திலும் சி-யை எடுத்துவிட்டு யு-வை வை. என்ன நடக்கிறது என்று எழுது. முதலிடத்தில் 16, நடுவிடத்தில் 16, கடைசியிடத்தில் 16, மொத்தம் 48 மாற்றங்கள்.

கடைசியிடத்தை முதலில் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே எழுத ஒன்றுமில்லை. பதினாறும் மௌனம். சி-யில் முடியும் கோடோனும் யு-வில் முடியும் கோடோனும் எல்லா இடத்திலும் ஒரே அமினோ அமிலத்தையே சொல்கின்றன. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் அடிக்கடி செய்கிற அடி, மூன்றில் ஓரிடத்தில் முழுக்க வீணாகிறது.

நடுவிடம் வேறு மாதிரி. அங்கே பதினாறும் அமினோ அமிலத்தை மாற்றுகின்றன. செரின் போய் பீனைல்அலனின் அல்லது லியூசின் வரும். புரோலின் போய் லியூசின். திரியோனின் போய் ஐசோலியூசின், ஒரு கோடோனில் மட்டும் மெதியோனின். அலனின் போய் வலின். தூபிங்கனில் அமிலத்தில் வைத்து, இலையில் தேய்த்து, புரதத்தைப் பிரித்து எடுத்த அதே பட்டியல் கொப்பித் தாளில் பென்சிலால் வருகிறது. இதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வருகிற உற்சாகம் எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை. இந்தப் பதினாறில் ஒன்றுகூட மின்னேற்றம் உள்ள அமினோ அமிலத்தைக் கொண்டுவரவில்லை, ஒன்றுகூடப் புரதத்தை அங்கேயே முடித்துவிடும் நிறுத்தக் கோடோன் ஆகவில்லை. எல்லாமே நீரை ஒதுக்கும் பக்கமாகவே நகர்கின்றன.

எவ்வளவு நகர்கின்றன? கார்ல் வோஸ் 1960-களில் அமினோ அமிலங்கள் நீரோடு எவ்வளவு ஒட்டும் என்பதைக் காட்ட ஒரு முனைவுத்தன்மை அளவுகோல் வைத்தார். அதில் சிஸ்டீன் 4.8, அஸ்பார்ட்டிக் அமிலம் 13. நடுவிட மாற்றங்கள் எல்லாம் அந்த அளவுகோலில் 1.3 முதல் 2.6 வரைதான் நகர்கின்றன. ஒப்பிட, நடுவிடத்து அடினின் ஜி-யாக வாசிக்கப்பட்டால், அஸ்பார்ட்டிக் அமிலம் கிளைசின் ஆகும்போது 5.1 நகரும். அடினினிலிருந்து அமினோக் கூட்டம் கழலும் வேகம் சைற்றோசினுடையதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அடிக்கடி விழும் அடிக்குச் சிறிய காயம், அரிதாக விழும் அடிக்குப் பெரிய காயம் என்று சொல்லத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அடினின் மாற்றங்களில் லைசின் ஆர்ஜினின் ஆவதுபோலச் சிறியவையும் உண்டு. செரின் இருந்த இடத்தில் பருத்த பீனைல்அலனினைத் திணிப்பதும், சங்கிலியை வளைத்துப் பிடித்திருந்த புரோலினை எடுத்துவிடுவதும் ஒரு புரதத்துக்குச் சின்ன விடயங்கள் அல்ல. அளவுகோல் சொல்வது பாதிதான்.

முதலிடத்தில்தான் கணக்கு கசக்கிறது. லியூசினின் இரண்டு கோடோன்களில் மாற்றம் மௌனம். பதினொன்றில் அமினோ அமிலம் மாறும். புரோலின் செரின் ஆகும், ஹிஸ்டிடின் டைரோசின் ஆகும், ஆர்ஜினின் சிஸ்டீனோ டிரிப்டோபானோ ஆகும். மிச்சம் மூன்று. சி-ஏ-ஏ யு-ஏ-ஏ ஆகும், சி-ஏ-ஜி யு-ஏ-ஜி ஆகும், சி-ஜி-ஏ யு-ஜி-ஏ ஆகும். மூன்றும் நிறுத்தக் கோடோன்கள். இருக்கிற மூன்று நிறுத்தங்களும் ஒரேயொரு சைற்றோசின் சேதத்தின் தூரத்தில் இருக்கின்றன. இரண்டுக்குக் குளூட்டமினும் ஒன்றுக்கு ஆர்ஜினினும் பலி.

ஆக 48-ல் 18 மௌனம், 27 மாற்றம், 3 நிறுத்தம்.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அப்ப அந்த மூண்டும் ஏன் வைரஸ் பட்டியலில இல்லை?"

"பட்டியல் எதிலயிருந்து வந்தது, பிள்ளை?"

"உறைப் புரதத்திலயிருந்து."

"அது பாதியில நிண்டுபோனா?"

"பிரிச்சுப் பார்க்கப் புரதமே இராது... ஓம், அப்ப நாங்கள் தப்பினதை மட்டும்தான் எண்ணியிருக்கிறம்."

அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். உறை சரியாக அமையாத விகாரங்களும் பின்னாளில் பிரித்தெடுக்கப்பட்டன. ஆனால் அமினோ அமில மாற்றப் பட்டியல்கள் பெரும்பாலும் உயிர் தப்பிய, உறை கட்டிய வைரசுகளிலிருந்து வந்தவை. மௌன மாற்றங்களும் அந்தப் பட்டியலில் இருக்க முடியாது, புரதத்தைப் பார்த்தால் அவை தெரியாது. கொடியதும் தெரியவில்லை, ஒன்றும் செய்யாததும் தெரியவில்லை. மரபுக் குறியீட்டைப் பற்றிய நமது பேச்சு முழுவதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. தோற்றுப்போன குறியீடுகள் எவை என்று காட்ட ஓர் உயிரும் மிச்சமில்லை.

சேதம் செதுக்கியதா, தானாக அமைந்ததா

கடைசியிடத்து மௌனத்தைச் சேதத்துக்கு எதிரான கவசமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1966-ல் பிரான்சிஸ் கிரிக் விளக்கியபடி, அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்து ஆர்என்ஏ; கோடோனோடு சோடி சேரும் அதன் எதிர்க்கோடோனில் முதலில் நிற்கும் ஜி, கோடோனின் கடைசி எழுத்தாக சி வந்தாலும் யு வந்தாலும் சோடி சேரும். அந்த மூலையில் பிடி தளர்வு. ஆகவே சி-க்கு ஓர் அமினோ அமிலம், யு-வுக்கு வேறு என்று பிரித்துக் கொடுக்க அந்த இயந்திரத்தால் ஏலாது. சேதம் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசியிடம் இப்படித்தான் அமைந்திருக்கும். சேதத்திலிருந்து காப்பாற்றுவது கூடவே கிடைத்த இலாபம்.

அதனால் நியாயமான கேள்வி நடுவிடத்திலும் முதலிடத்திலும்தான் இருக்கிறது. 1991-ல் ஹெய்க்கும் ஹர்ஸ்ட்டும் செய்த கணினிச் சோதனை இந்த வகையில் நேர்மையானது. அட்டவணையின் கட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்துக்கு எந்த அமினோ அமிலம் என்பதை மட்டும் கலைத்துப் போட்டார்கள். கடைசியிட மௌனம் எல்லாக் குறியீட்டுக்கும் சமமாகவே இருக்கும், அதனால் யாருக்கும் அங்கே புள்ளி கூடாது. அப்படியும் பிழையின் பாதிப்பைக் குறைப்பதில் இயற்கையின் குறியீடு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் நின்றது. 1998-ல் ஃபிரீலாண்டும் ஹர்ஸ்ட்டும் சி-க்கும் யு-வுக்கும், ஏ-க்கும் ஜி-க்கும் இடையிலான மாற்றங்கள் கூடுதலாக நடக்கும் என்பதையும் வாசிப்புப் பிழைகள் எந்த இடத்தில் கூட என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அது பத்து இலட்சத்தில் ஒன்று ஆனது. பிழை எப்படி விழுகிறது என்று உண்மைக்கு நெருக்கமாகச் சொல்லச் சொல்லக் குறியீடு இன்னும் நன்றாகத் தெரிகிறது. சேதக் கருதுகோளுக்கு இதைவிடப் பலமான சான்று என் கண்ணுக்குப் படவில்லை.

இதற்கு மறுப்பும் வலுவானது. நடுவிடப் பட்டியலில் திரியோனின் ஐசோலியூசின் ஆவதைப் பாருங்கள். கலத்துக்குள் ஐசோலியூசின் தயாரிக்கப்படுவதே திரியோனினிலிருந்துதான். 1975-ல் ஜே. ட்ஸே-ஃபெய் வொங் முன்வைத்த கருத்து, புதிதாகத் தோன்றிய அமினோ அமிலம் தன் தாய் அமினோ அமிலத்தின் கோடோன்களில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது என்பது. அப்படியானால் அயலில் இருப்பது தாயும் பிள்ளையும் என்பதால், சேதத்துக்குப் பயந்து அல்ல. கடத்து ஆர்என்ஏ-யின் மரபணு இரட்டித்து, பிரதி மெல்ல விலகி, ஒத்த குணமுள்ள அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொண்டாலும் அயல் வீடுகள் ஒத்தவையாகவே வரும். நல்ல குறியீடு என்பது இயற்கைத் தெரிவின் பரிசா, வளர்ந்த விதத்தின் பக்க விளைவா என்று அட்டவணையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

என் தீர்ப்பு இது: சேதம் குறியீட்டை எழுதவில்லை, எழுதியவற்றில் சிலவற்றை நிற்க விடவில்லை. தாயிடம் பிரித்து வாங்கிய கோடோன்கள் எத்தனையோ விதமாக அமைந்திருக்கலாம். தினமும் சி யு ஆகிக்கொண்டிருந்த, திருத்தும் நொதி இல்லாத ஓர் உலகில், அந்த மாற்றம் புரதத்தின் உட்பகுதியில் மின்னேற்றத்தைக் கொண்டுபோய் வைக்கும் அமைப்பு நெடுநாள் நின்றிருக்காது.

சேதம் உயிரின் எழுத்துகளையே மாற்றியதற்கு ஒரு தெளிவான இடம் உண்டு. அது தைமின். டிஎன்ஏ யுராசிலுக்குப் பதில் தைமினை வைத்திருப்பதால், டிஎன்ஏ-க்குள் யுராசில் தெரிந்தால் அது உடைந்த சைற்றோசின் என்று கலம் அடையாளம் காணும். நமது ஒவ்வொரு கலத்திலும் நாளுக்கு ஏறத்தாழ 100 முதல் 500 சைற்றோசின்கள் இப்படிக் கெடுகின்றன. அந்த யுராசிலை வெட்டி எடுக்கும் நொதியைத் தோமஸ் லிண்டால் 1974-ல் கண்டார். 2015-ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் ஒரு பங்கு. ஆர்என்ஏ-யில் இந்த வசதி இல்லை. அங்கே யுராசில் முறையான எழுத்து, கெட்டது எது நல்லது எது என்று பிரிக்க வழியே இல்லை. குறியீடு உருவானது அந்த ஆர்என்ஏ-யின் காலத்தில்.

இழைமணிகள்

குறியீடு தற்செயலாக அமைந்து, பிறகு மாற முடியாமல் உறைந்துபோன விபத்து என்று 1968-ல் கிரிக் சொன்னார். பெரும்பாலும் உண்மை. ஆனால் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளில் (மைட்டோகாண்ட்ரியா) அது சில இடங்களில் இளகியிருக்கிறது, இளகிய திசை கவனிக்க வேண்டியது.

ஏ-க்கும் ஜி-க்கும் இடையிலான கடைசியிட மாற்றத்தில் பொதுக் குறியீட்டில் இரண்டே இடறல்கள். ஏ-யு-ஜி மெதியோனின், ஆனால் ஏ-யு-ஏ ஐசோலியூசின். யு-ஜி-ஜி டிரிப்டோபான், ஆனால் யு-ஜி-ஏ நிறுத்தம். மனித இழைமணியில் ஏ-யு-ஏ-யும் மெதியோனின், யு-ஜி-ஏ-யும் டிரிப்டோபான். இரண்டு இடறலும் போய்விட்டன. அங்கே சி-ஜி-ஏ அடிபட்டு யு-ஜி-ஏ ஆனாலும் புரதம் பாதியில் நிற்காது.

புகையிலையின் இழைமணி வேறு வழி எடுத்தது. தாவர இழைமணிகள் பொதுக் குறியீட்டையே வைத்திருக்கின்றன. ஆனால் அவை தமது ஆர்என்ஏ-யில் நூற்றுக்கணக்கான இடங்களில் சி-யை யு-வாகத் தாமே மாற்றிக்கொள்கின்றன. இது 1989-ல் தெரிய வருவதற்கு முன், தாவர இழைமணியில் சி-ஜி-ஜி டிரிப்டோபானைக் குறிக்கிறது என்று நம்பினார்கள். உண்மையில் அந்த சி-ஜி-ஜி, வாசிக்கப்படும் முன்பே யு-ஜி-ஜி ஆக்கப்படுகிறது. நமது சிறுகுடலும் இதே வித்தையைச் செய்கிறது. அப்போபி என்ற கொழுப்புக் காவும் புரதத்தின் ஆர்என்ஏ-யில் ஒரு சி-ஏ-ஏ-யை நொதி கொண்டு யு-ஏ-ஏ ஆக்கி, 4,536 அமினோ அமிலம் கொண்ட புரதத்தை 2,152-ல் நிறுத்தி, குறுகிய வடிவத்தைப் பெறுகிறது. சேதமாகத் தொடங்கிய வேதியியல், நொதியின் கையில் கருவியாகிவிட்டது.

மனித இழைமணியின் மாற்றத்தைச் சேதத்தின் கணக்கில் எழுதலாமா? மெதியோனின் ஒட்சியேற்றத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு புரதத்தைக் காக்கும், ஒட்சிசன் புழங்கும் இழைமணிக்கு அது கூடுதலாகத் தேவைப்பட்டது என்பது மூஸ்மன் குழுவினர் 2008-ல் முன்வைத்த விளக்கம். இன்னொரு விளக்கம் வெறும் சிக்கனம். மனித இழைமணிக்கு 22 கடத்து ஆர்என்ஏ-கள் மட்டுமே உள்ளன. ஏ-யில் முடிவதையும் ஜி-யில் முடிவதையும் தனித்தனியே வாசிக்க ஆள் போதாது, ஆகவே சேர்த்து வாசிக்கிறது. கடைசியிட மௌனத்தில் பார்த்த அதே இழுபறி.

வொங் சொன்ன தாய்-பிள்ளைச் சோடிகளைப் பிரிக்காமல் அயலிலேயே கட்டி வைத்து, மீதியை மட்டும் கலைத்து, முதலிடத்திலும் நடுவிடத்திலும் சி யு ஆவதன் விலையை மட்டும் எண்ணினால், இழுபறியின் ஒரு பக்கத்தையாவது அளக்கலாம். மேலே கேட்ட மாணவி இப்போது அந்த நிரலைத்தான் தன் மடிகணினியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தக் கோடோன்களின் இடத்தையும் கலைப்பதா, விடுவதா என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. கலைக்க வேண்டும் என்பது அவள் பக்கம். அவற்றை நிலையாக வைத்தால் குளூட்டமினின் இரண்டு கோடோன்களுக்கும் இவ்வளவு அருகில் நிறுத்தம் ஏன் நிற்கிறது என்ற கேள்வியைத் தொடாமலே விட்டுவிடுவோம் என்கிறாள்.